கார்பைன் வாங்கும் முன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில், இரண்டு மாடித் தனி வீட்டில் வசிக்கிறோம். கடந்த ஆண்டு எனக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. மனைவி இன்னும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. நண்பர் ஒருவருடன் உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு இதில் ஆர்வம் பிறந்திருக்கிறது. அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டும் நடந்தது. பொழுதுபோக்குக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து 9 மி.மீ. கார்பைன் ஒன்று, அதாவது கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடும் நீண்ட துப்பாக்கி, வாங்க நினைக்கிறேன். கெல்டெக் சப்-2000, ரூகர் பிசி கார்பைன், ஏஆர் என்ற ரைஃபிளின் வடிவத்தில் 9 மி.மீ. என்று மூன்று யோசனைகள் வந்துள்ளன. கைத்துப்பாக்கித் தோட்டா என்பதால் சுவரைத் தாண்டாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் பத்திரம் என்கிறார் நண்பர். மனைவிக்கும் சுடக் கற்றுக்கொடுக்க ஆசை. எதை வாங்கலாம் ஐயா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுத வைத்தது துப்பாக்கியின் பெயர்கள் அல்ல, நண்பர் சொன்ன அந்த ஒரு வரி. கைத்துப்பாக்கித் தோட்டா சுவரைத் தாண்டாது என்பது தவறு. குழந்தைகள் உறங்கும் வீட்டில் அதை நம்புவது ஆபத்து. ஆகவே முதலில் சுவரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நீங்களும் நானும் வளர்ந்த வீடுகள் செங்கல்லால் கட்டியவை. அறைக்கு அறை நடுவேகூட முக்கால் அடிக்குச் செங்கல் நிற்கும். இங்கே டெக்சஸில் வெளிப்புறத்தில் தெரியும் செங்கல் வெறும் ஒற்றை வரிசைப் போர்வை. உள்ளே அறைகளைப் பிரிப்பது மரச்சட்டங்களின் இருபுறமும் ஆணியடித்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான். இன்று மாலை மகளின் அறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் கனத்த ஓசை வரும். மற்ற இடமெல்லாம் வெற்றுப் பெட்டியைப் போல ஒலிக்கும். 9 மி.மீ. குண்டு அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றை அடுத்தடுத்துத் துளைத்துச் செல்லும். துளைத்த பிறகும் ஆளைக் கொல்லும் வலு அதற்கு மிச்சம் இருக்கும்.

முனை குழிந்த ஹாலோ பாயின்ட் குண்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று அடுத்துச் சொல்வார்கள். அந்தக் குண்டு உடலில் பட்டு விரிவதற்காகச் செய்யப்பட்டது. ஜிப்சத்தில் பாயும்போது அந்தக் குழிக்குள் மாவு அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அது பெரும்பாலும் சாதாரண உருண்டை முனைக் குண்டைப் போலவே நேராகப் போகும். இன்னொரு செய்தி கேட்டால் வியப்பீர்கள். வேகம் மிகுந்த, எடை குறைந்த 5.56 மி.மீ. ரைஃபிள் குண்டு சுவரில் பட்டதும் நிலைகுலைந்து புரள்கிறது, பல வேளைகளில் உடைகிறது. அதனால் உட்சுவர்களைத் தாண்டுவதில் அது 9 மி.மீ. குண்டைவிடப் பின்தங்குவதைச் சோதனைகளில் பலரும் கண்டிருக்கிறார்கள். ரைஃபிள் வாங்குங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதனை நிறுத்தும் வலு உள்ள எந்தக் குண்டும் உங்கள் வீட்டு உட்சுவரையும் தாண்டும். எந்தப் பெட்டித் தோட்டாவும் இதற்கு மாற்று ஆகாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், குழல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, அந்தக் கோட்டின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் பிள்ளைகளைக் காக்கும்.

ஒரு தாளில் மாடியின் வரைபடத்தைப் போடுங்கள். உங்கள் படுக்கையறை வாசலில் நின்று மாடிப்படியின் தலைப்பைப் பார்த்தால் பார்வைக் கோடு எங்கே போய் முடிகிறது? அதற்கு அப்பால் மகனின் கட்டில் இருந்தால் அந்த வாசல் உங்களுக்கு உரிய இடம் அல்ல. வேறு மூலையைத் தேட வேண்டும். பிள்ளைகள் இருவரையும் ஒரே அறைக்குக் கொண்டுவர முடியுமா, அதற்கு எந்த வழியே போக வேண்டும் என்று வெறுங்கையோடு, விளக்கை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு 911-ஐ அழைத்து, அங்கேயே இருப்பதுதான் திட்டம். துப்பாக்கியை ஏந்தியபடி அறை அறையாகத் தேடிப் போவது பயிற்சி பெற்ற காவலர்களே தனியாகச் செய்யத் தயங்கும் வேலை. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

இரவில் கீழே கேட்கும் சத்தம் பெரும்பாலும் வீட்டு ஆளாகத்தான் இருக்கும். 14 வயதுப் பிள்ளை நள்ளிரவில் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பது புதிதா என்ன? யார் என்று பார்க்கத் தனியாக ஒரு கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்பைனில் விளக்கு பொருத்துவது நல்லதே. ஆனால் அதை மட்டும் நம்பினால், ஆளை அடையாளம் காண்பதற்கே அவர் மீது குழலை நீட்ட வேண்டியதாகிவிடும்.

அடுத்தது சட்டம். இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் என்ற முறையில் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் கூட்டாட்சிச் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. உங்கள் மனைவியின் நிலை வேறு. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே அந்தச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். சில விதிவிலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் அதிகம் பயன்படுவது. நம்மவர்கள் பலர் இந்த வழியில் சட்டப்படியே சுடுகிறார்கள். ஆனால் இதில் ஒரு பிசகு நேர்ந்தால் போவது அபராதத்தோடு நிற்காது. குடியேற்ற விண்ணப்பமே கவிழ்ந்துவிடலாம். ஆகையால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு வாங்கும்வரை மனைவியைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். வீட்டுப் பெட்டகத்தின் குறியீட்டு எண்ணும் அதுவரை உங்களிடம் மட்டுமே இருக்கட்டும்.

இதனால் வரும் விளைவையும் யோசியுங்கள். அலுவலக வேலையாக நீங்கள் வெளியூரில் தங்கும் இரவுகளில் அந்தக் கார்பைன் உங்கள் குடும்பத்துக்கு எந்தப் பயனும் தராது. அந்த இரவுகளில் அவர்களைக் காப்பது கதவும் பூட்டும் விளக்கும் அலாரமும்தான். எனவே பணத்தை முதலில் அங்கே போடுங்கள். இங்குள்ள வீடுகளில் வாசற்கதவின் நிலையில் பூட்டு நாக்கு நுழையும் தகட்டை முக்கால் அங்குலத் திருகாணியால் பொருத்தியிருப்பார்கள். ஓர் உதையில் பெயர்ந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, கனமான தகட்டை மூன்று அங்குலத் திருகாணிகளால் உள்ளிருக்கும் மரச்சட்டம் வரை இறக்கி முடுக்குங்கள். சில டாலர்களில் முடியும் இந்த வேலை, நீங்கள் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் தரும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். 9 மி.மீ. கார்பைன் என்ற உங்கள் தேர்வில் எனக்கு மறுப்பில்லை. பொழுதுபோக்குக்கு இது மிக நல்ல தேர்வு. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் எங்கும் கிடைப்பதும் மலிவானதும் 9 மி.மீ. தான். ரைஃபிள் தோட்டாக்களை அனுமதிக்காத உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவும் இதை அனுமதிக்கின்றன. தோள், கன்னம், இரண்டு கைகள் என்று பிடிமானம் நான்கு இடங்களில் இருப்பதால், கைத்துப்பாக்கியில் தடுமாறுகிறவர்கூட முதல் நாளிலேயே 25 கஜத்தில் குறியை நெருங்கிவிடுவார். நீண்ட குழலால் வேகமும் கொஞ்சம் கூடுகிறது. 115 கிரெய்ன் எடையுள்ள குண்டு கைத்துப்பாக்கியிலிருந்து வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 16 அங்குலக் குழலிலிருந்து 400 மீட்டரை ஒட்டிக் கிளம்பும். அவ்வளவுதான். அதை ரைஃபிளாக எண்ணி 200 கஜத்தில் சுட முனைய வேண்டாம்.

16 அங்குலம் என்ற அந்த அளவு சட்டத்திலிருந்து வருகிறது. தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கடையில் கார்பைன் என்று விற்பவை இந்த அளவுக்கு உட்பட்டவையே. குட்டையான குழல் அழகாக இருக்கிறது என்று பின்னால் மாற்றிப் பொருத்தாதீர்கள்.

வாங்குகிறவர்களை ஏமாற்றும் இடம், சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதைதான். 9 மி.மீ. என்றால் மெல்லத்தான் உதைக்கும் என்று நினைப்பீர்கள். கைத்துப்பாக்கியில் சுடும் கணத்தில் குழலும் மேல்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, குண்டு வெளியேறிய பிறகுதான் விடுபடும். நீங்கள் குறிப்பிடும் கார்பைன்களில் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. தோட்டாவின் பின்புறத்தை மூடும் உலோகத் துண்டான போல்ட்டின் எடையும் சுருள்வில்லும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. அதற்காகப் போல்ட்டைக் கனமாகச் செய்கிறார்கள். அந்தக் கனம் பின்னால் ஓடிவந்து மோதுவதுதான் உங்கள் தோளில் படுகிறது. 5.56 ஏஆர் சுட்டுப் பழகியவர்கள் 9 மி.மீ. ஏஆரை எடுத்துச் சுட்டதும் இது ஏன் இப்படி இடிக்கிறது என்று கேட்பது இதனால்தான். ரூகர் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. பிசி கார்பைனின் போல்ட்டுக்குள் நகரக்கூடிய டங்ஸ்டன் எடை ஒன்று இருக்கிறது. போல்ட் பின்னால் போய் நிற்கும்போது அந்த எடை சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்து மோதலின் கூர்மையைக் குறைக்கிறது. தோளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஹெக்லர் அண்ட் காக்கின் எம்பி5 குடும்பத்தில் உள்ள உருளை முறையும், சிஎம்எம்ஜியின் சுழல் போல்ட் முறையும் இன்னும் மென்மையானவை. அவற்றின் விலையில் உங்கள் பெட்டகமும் பயிற்சி வகுப்பும் ஆண்டு முழுவதற்கான தோட்டாவும் அடங்கிவிடும் என்பதால் உங்களுக்கு அவற்றைச் சொல்ல மாட்டேன்.

கெல்டெக் சப்-2000 இரண்டாக மடிந்து முதுகுப்பையில் அடங்குவதும், இரண்டு கிலோவுக்குள் எடை இருப்பதும், விலை குறைவாக இருப்பதும் உண்மையே. ஆனால் தோளில் பதியும் பின்கட்டையே ஒரு வெறும் குழாய். சுடும்போது அதில் கன்னம் பதிந்திருக்கும் இடத்தில் அடி விழும். ஐம்பது தோட்டா சுடும் முன்னே நீங்கள் முகத்தை விலக்கத் தொடங்கிவிடுவீர்கள், குறியும் விலகும். போல்ட்டை இழுக்கும் பிடி அந்தக் குழாயின் அடியில் சிறிதாக இருக்கிறது, சுருள்வில் கடினமானது. கைவலு குறைந்தவர்கள் இதில் திணறுவதை வகுப்புகளில் அடிக்கடி பார்க்கிறேன். கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் தானாகத் திறந்து நிற்பதும் இல்லை. பதற்றத்தில் இருப்பவருக்குத் தோட்டா தீர்ந்ததை அது சொல்லாது. பயணத்துக்கு அது ஏற்றது; வீட்டில் இருக்கும் ஒரே துப்பாக்கியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஆர் வடிவ 9 மி.மீ. நல்ல உற்பத்தியாளரிடம் வாங்கினால் நன்றாகவே உழைக்கும். ஏஆர் பழகியவருக்கு எல்லாப் பொத்தான்களும் கைக்குத் தெரிந்த இடத்தில் இருக்கும். நீங்கள் பழகியவர் இல்லை என்பதால் அந்த வசதி உங்களுக்குக் கணக்கில் வராது.

ஆகவே என் தேர்வு ரூகர் பிசி கார்பைன். மூன்று கிலோவைச் சற்றே தாண்டும். அந்த எடையே உதையைத் தணிக்கிறது. பின்கட்டையின் முனையில் வில்லைகளைச் சேர்த்தோ எடுத்தோ நீளத்தை மாற்றலாம். உங்கள் உயரத்துக்கு ஒரு நீளம், பின்னாளில் சட்டம் இடம் கொடுத்ததும் மனைவிக்கு ஒரு நீளம். இழுக்கும் பிடியை இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். குழலையும் உடலையும் தனியாகக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, ஏற்கும் அடைப்பைப் பொருத்திக்கொண்டால் மேகசின் எங்கும் மலிவாகக் கிடைக்கும். டெக்சஸில் மேகசின் கொள்ளளவுக்கு வரம்பில்லை. வேலை மாறி கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ போக நேர்ந்தால் அங்கே 10 தோட்டாதான் வரம்பு. நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்கத் தனி அடையாள அட்டையும் வேண்டும். மூட்டை கட்டும் முன் அந்த மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2023-இல் கொண்டுவந்த எஃப்பிசி பக்கவாட்டில் மடிவது, இரண்டு மேகசின்களைப் பின்கட்டையிலேயே வைத்துக்கொள்வது. கடைக்குப் போகும்போது அதையும் தோளில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் தோளுக்குப் பிடித்தது உங்கள் தோளுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

குறி பார்க்க, சிவப்புப் புள்ளி தெரியும் ரெட் டாட் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடி குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏஆரில் அந்த இடைவெளி இரண்டரை அங்குலம் அளவுக்கு இருக்கும், ரூகரில் குறைவு. 25 கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியை வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில், அதாவது ஐந்தாறு கஜத்தில் சுட்டால், புள்ளி வைத்த இடத்துக்குக் கீழே ஒன்றிரண்டு அங்குலம் தள்ளித்தான் குண்டு படும். காகிதத்தில் சிறு வட்டம் வரைந்து அந்தத் தூரத்தில் நீங்களே சுட்டுப் பாருங்கள். எவ்வளவு கீழே படுகிறது என்பது ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது.

பாதுகாப்புக்கு என்று வைக்கும் ஹாலோ பாயின்ட் தோட்டாவில் எந்த வகையானாலும் குறைந்தது 200 தோட்டாக்களை உங்கள் கார்பைனில் சிக்கலின்றிச் சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். சில கார்பைன்கள் அகன்ற வாய்க் குண்டை விழுங்க மறுக்கும். 124 அல்லது 147 கிரெய்ன் போதும். நீண்ட குழலே வேகத்தைக் கூட்டுவதால் கூடுதல் அழுத்தத் தோட்டா தேவையில்லை.

சுடுதளத்தில் ஒரு முறை வழக்கமான வெடியோசைக்குப் பதில் மந்தமாக "பொட்" என்று கேட்டால் அடுத்த விசையை அழுத்தாதீர்கள். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு அந்த 16 அங்குலத்தின் நடுவே எங்கோ நின்றிருக்கலாம். பின்னால் இன்னொன்றை அனுப்பினால் குழல் பிளந்துவிடும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். உள்ளரங்கத்திலிருந்து கிளம்பும் முன் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிவிட்டு மகளைத் தூக்குங்கள். துணியில் ஒட்டி வரும் ஈயத்தூள் குழந்தைகளுக்குத்தான் அதிகக் கேடு செய்யும். ஆர்வம் நீடித்தால் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில் கைத்துப்பாக்கித் தோட்டாக் கார்பைன்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு போட்டியைப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். துப்பாக்கியைக் கையாளும் ஒழுக்கத்தை அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் குறைவு.

பெட்டகத்தைத் துப்பாக்கிக்கு முன்பே வாங்கி, சுவரின் மரச்சட்டத்தோடு இறுக்கிப் பொருத்திவிடுங்கள். அலமாரியின் மேல்தட்டு, கட்டிலுக்கு அடி, இவையெல்லாம் 14 வயதுப் பையனுக்கு மறைவிடங்கள் ஆகா. 17 வயதுக்குக் குறைந்தவர் கையில் தோட்டாவோடு துப்பாக்கி சிக்கும்படி அலட்சியமாக வைப்பது டெக்சஸில் குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பதின்வயதின் ஒரு கெட்ட மாலைப்பொழுது கடந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அது கடந்துபோக வழியில்லை. பெட்டகத்துக்குள்ளும் மேகசினில் மட்டுமே தோட்டா இருக்கட்டும்; தோட்டா வெடிக்கும் இடமான சேம்பர் காலியாக இருக்கட்டும். கார்பைன் விழுந்து இடிபட்டால் கனமான போல்ட் என்ன செய்யும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டகத்தோடு காதுக் கவசத்தையும் வையுங்கள். மூடிய அறையில் ஒரே ஒரு வெடி காதைக் கெடுக்கப் போதும்.

கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பும்போது கிரீன் கார்டில் உள்ள உங்கள் ஏலியன் எண்ணைக் கேட்கும், கார்டைக் கொண்டுபோங்கள். எச்-1பியில் இருக்கும் நண்பர் எவராவது பணம் தருகிறேன், உங்கள் பெயரில் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். அது கூட்டாட்சிக் குற்றம், கிரீன் கார்டையும் பறிக்கும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் அதை மாற்றிக்கொண்டு போங்கள். உரிமத்தில் உள்ள முகவரியும் இப்போது வசிக்கும் முகவரியும் ஒத்துப்போகவில்லை என்றால், அரசு வழங்கிய வேறொரு சான்று காட்டும்வரை கடைக்காரர் விற்க மாட்டார்.